சின்ன ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கியில் சூரியத் தழலைப் பார்த்து வரைவது எப்படி?

நான் முதன்முதலில் வரைந்த படத்தில், சூரியனின் இடது ஓரத்தில் வளைவாக ஒரு தழல் எழுந்து நின்றது. ஏறக்குறைய அதே நேரத்தில், சூரியனைத் தொடர்ந்து படமெடுக்கும் காங் (GONG) கண்காணிப்பு வலையமைப்பு எடுத்த படத்தை மாலையில் பார்த்தேன். அதில் அந்த வளைவு வலது ஓரத்தில் இருந்தது. உருவம் சரி, இடம் தவறு. இதைச் சரிசெய்துகொள்ள எனக்குப் பல வாரங்கள் ஆயின. அதனால் திசை பார்க்கும் படியை மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் பிராமினன்ஸ் எனப்படுவதைத்தான் தழல் என்கிறேன். பெயர் தழலானாலும் அங்கே எதுவும் எரியவில்லை. காந்தப்புலம் தாங்கிப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிளாஸ்மா அது. பத்து லட்சம் டிகிரியைத் தாண்டும் கரோனாவுக்கு, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்துக்கு நடுவே, சுமார் பத்தாயிரம் டிகிரியில் மிதக்கிறது. ஹைட்ரஜன்-ஆல்ஃபா எனப்படும் 656.28 நானோமீட்டர் சிவப்பு ஒளியை மட்டும் விடும் வடிகட்டி இருந்தால், கிரகணம் இல்லாத நாளிலும் அதைப் பார்க்கலாம்.

தொலைநோக்கியை நிறுத்தி சூரியனைப் பிடிக்கும் வரை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் விட முடியாது. சூரியனுக்கென்றே செய்த ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கியில்தான் இதைச் செய்ய வேண்டும். சாதாரணத் தொலைநோக்கியின் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) ஒரு சிவப்புக் கண்ணாடியைச் செருகிப் பார்த்தால் கண் போய்விடும்.

என்னென்ன வேண்டும்

கறுப்புத் தாள், வெள்ளை பாஸ்டல் பென்சில், தாளைச் சுருட்டிச் செய்த தேய்ப்புக் குச்சி, பிசைந்து உருட்டும் ரப்பர், பென்சிலைக் கூராக்க உப்புத்தாள், தலைமேல் போர்த்திக்கொள்ள கனமான கறுப்புத் துணி.

வெள்ளைத் தாளில் கறுப்புப் பென்சிலால் வரைந்து, பிறகு கணினியில் நிறத்தைத் தலைகீழாக மாற்றுபவர்கள் உண்டு. நான் அதைச் சொல்ல மாட்டேன். வெயில் பட்ட வெள்ளைத் தாளை ஒருமுறை பார்த்தால் போதும், அடுத்த சில நிமிடங்களுக்கு மங்கலான தழல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கறுப்புத் தாளில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தழல்களுக்கு இடையே தெரியும் இருட்டை வரையவே வேண்டாம், தாளே அந்த இருட்டு.

வட்டமும் அளவும்

சூரியனின் விட்டம் பூமியைப் போல 109 மடங்கு. அதனால் காம்பஸில் 54.5 மில்லிமீட்டர் ஆரம் வைத்து வட்டம் போடுங்கள். விட்டம் 109 மில்லிமீட்டர் வரும், பூமி சரியாக ஒரு மில்லிமீட்டர். எந்தத் தழல் எவ்வளவு உயரம் என்று அளவுகோல் வைத்தே சொல்லிவிடலாம்.

ஆனால் 50,000 கிலோமீட்டர் உயரத் தழல் இந்த வட்டத்தில் 4 மில்லிமீட்டர்தான் வரும். எனவே முழு வட்டத்தில் இடத்தை மட்டும் குறியுங்கள். பிடித்த ஒரு தழலை நான்கு மடங்கு பெரிதாக, 218 மில்லிமீட்டர் ஆர வில்லின் மேல் தனியாக வரையுங்கள்.

பெரிய படத்தில் எவ்வளவு நுணுக்கம் காட்டலாம்? 40 மில்லிமீட்டர் லென்ஸ் இந்தச் சிவப்பு ஒளியில் பிரித்துக் காட்டக்கூடியது ஏறக்குறைய 4 வினாடிக் கோணம் (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு வினாடி), அதாவது சூரியனில் சுமார் 3,000 கிலோமீட்டர். பெரிய படத்தில் அது ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாக வராது. அதைவிட மெல்லிய இழைகளை நீங்கள் வரைந்தால் அவை தொலைநோக்கி காட்டியவை அல்ல, கை சேர்த்தவை.

திசை: நான் தடுக்கி விழுந்த இடம்

ஐபீஸில் தெரியும் உருவம் தலைகீழாக இருக்கலாம், இடம் வலம் மாறியும் இருக்கலாம். தொலைநோக்கிக்குத் தொலைநோக்கி இது வேறுபடும். மேலே வடக்கு, வலப்பக்கம் மேற்கு என்று மனதுக்குள் திருப்பிப் போடப் பார்த்ததுதான் நான் செய்த தவறு. சூரியனிடமே கேட்டுவிடலாம்.

சூரியனைத் தொடரும் மோட்டார் ஓடினால் நிறுத்துங்கள். சூரியன் தானாக நகரும். தன் விட்டம் அளவு தூரத்தைக் கடக்க அதற்கு சுமார் இரண்டு நிமிடம் போதும். எந்த விளிம்பு காட்சி வட்டத்தை விட்டு முதலில் வெளியேறுகிறதோ அதுதான் மேற்கு. சூரியனை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து, குழாயை வானத்தின் வடதுருவம் இருக்கும் பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். இப்போது முதலில் வெளியேறும் விளிம்பு தெற்கு, அதன் எதிர் விளிம்பு வடக்கு.

இந்த இரண்டையும் ஐபீஸில் தெரிந்த இடத்திலேயே தாளில் குறியுங்கள். எதையும் திருப்ப வேண்டாம். வரைந்து முடித்த பிறகு வடக்கு மேலே வரும்படி தாளைப் பிடித்துப் பாருங்கள். மேற்கு வலப்பக்கம் இருந்தால் படம் சரி. இடப்பக்கம் இருந்தால் கண்ணாடிப் பிம்பம், புகைப்படம் எடுத்தபின் இடம் வலமாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

பார்ப்பது

துணியைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள், பென்சிலைத் தொடாதீர்கள். 400 மில்லிமீட்டர் குவியத் தூரத்துக்கு 10 மில்லிமீட்டர் ஐபீஸ், அதாவது 40 மடங்கு, எனக்குப் பிடித்தது. சூரிய வட்டத்தை காட்சிக்கு வெளியே தள்ளி விளிம்பை மட்டும் வைத்தால் மங்கலான தழல்கள் எழுந்து வரும். குழாயை விரல் நுனியால் லேசாகத் தட்டிப் பாருங்கள், அசைவில் இன்னும் கொஞ்சம் தெரியும்.

வடிகட்டி விடும் அலைநீளத்தைத் துளி நகர்த்தும் டியூனிங் வளையத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. இந்த வடிகட்டிகள் விடும் அலைநீள அகலம் ஒரு ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) அல்லது அதற்கும் குறைவு. வாயு நம்மை நோக்கியோ விலகியோ வினாடிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் போனால், டாப்ளர் விளைவால் அதன் ஒளி ஒரு ஆங்ஸ்ட்ராம் நகர்ந்துவிடும். தழலின் அந்தப் பகுதி காணாமல் போகும். வளையத்தை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் அறுந்து நின்ற ஒரு வளைவு, நான் வளையத்தைத் துளி திருப்பியதும் முழுதாகச் சேர்ந்ததை ஒருமுறை பார்த்தேன். அன்றிலிருந்து இதைச் செய்யாமல் வரைவதில்லை.

வரைவது

முதலில் தழல் விளிம்பில் ஊன்றியிருக்கும் கால்களைப் புள்ளிகளாக வையுங்கள். அடுத்து உச்சியை ஒரு புள்ளியாக. அப்புறம் இடையில் தெரியும் இருட்டு இடைவெளிகளின் வடிவத்தைப் பாருங்கள். தழலைவிட இடைவெளியை அளப்பது எளிது. அதைச் சுற்றி வெளிச்சத்தை வைத்தால் உருவம் தானாக அமையும்.

முதலில் குச்சி, பிறகுதான் பென்சில். உப்புத்தாளில் உரசிய பாஸ்டல் பொடியைக் குச்சியால் தொட்டு மங்கலான புகைபோன்ற பகுதியைப் போடுங்கள். பிரகாசமான முடிச்சுகளை அதன்மேல் பென்சிலால் அழுத்துங்கள். விரலால் தேய்க்க வேண்டாம், தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் பிறகு பாஸ்டல் ஒழுங்காகப் பிடிக்காது.

பதினைந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். அமைதியான தழல் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நிற்கும். வெடித்தெழும் தழல் நிமிடங்களில் மாறிவிடும். மாறுகிறது என்று தெரிந்தால் பழைய படத்தைத் திருத்தாதீர்கள், பக்கத்திலேயே புதிதாகத் தொடங்குங்கள். ஒவ்வொன்றின் கீழும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். காங் படங்களை வரைந்து முடித்த பிறகே பாருங்கள். முன்பே பார்த்தால் கை அந்தப் படத்தைத்தான் வரையும்.

ஸ்ப்ரே அடித்துப் பாதுகாக்கலாம் என்று நினைத்தால், முதலில் புகைப்படம் எடுத்துவிடுங்கள். கறுப்புத் தாளில் ஸ்ப்ரே பட்டதும் மெல்லிய வெள்ளைப் பூச்சு மங்கிவிடும். நான் இப்போது ஸ்ப்ரே அடிப்பதே இல்லை, மேலே மெல்லிய தாள் வைத்து மூடிவிடுகிறேன்.

பிற்சேர்க்கை: திசையைச் சரியாகக் குறித்தும் அரைமணி கழித்துச் சேர்த்த தழல்கள் இடம் மாறி இருந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். அவருடையது மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் நகரும் தாங்கி. அதில் நேரம் போகப்போகக் காட்சியே சுழலும், சூரியன் உச்சிக்கு அருகில் வரும்போது இன்னும் வேகமாக. அந்தத் தாங்கி வைத்திருப்பவர்கள் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை மேற்கைக் குறியுங்கள். இரண்டு குறிகளும் விலகி இருந்தால், அந்த விலகலுக்குள் வரைந்தவற்றைத் தனித் தாளில் மறுபடி தொடங்குங்கள்.