யாரும் கேட்கவில்லை என்று ஏலத்தைக் கலைக்காதீர்கள்

பாம்பன் கரையில் மீன் ஏலத்தை ஒரு தடவையாவது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கூடையைத் தரையில் கொட்டியதும் விலை கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அரை நிமிடம் யாரும் வாய் திறக்காவிட்டால் ஏலம் விடுபவரே தொகையை இறக்குவார். வெயில் ஏற ஏற நண்டும் சூடையும் காத்திருக்காது. அந்தக் கரையில் மௌனம் என்றால் சரக்கு வேண்டாம் என்று பொருள். இணைய ஏலத்தில் அதே மௌனத்துக்குப் பொருள் வேறு. இது புரியாமல் எங்கள் பக்கத்து ஆட்கள் நஷ்டப்படுவதைப் பார்க்கிறேன்.

என் மைத்துனருக்கு விசைப்படகு வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கை சும்மா இருந்ததால், என் மாமனார் கொழும்பில் கடை வைத்திருந்த காலத்துக் கடித உறைகளை ஒரு வெளிநாட்டு ஏலத் தளத்தில் போட்டார். 1972க்கு முன்பு, இலங்கை இன்னும் சிலோனாக இருந்தபோது ஒட்டிய தபால்தலைகள். ஏழு நாள் ஏலம். ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார். “ஈ கூட மொய்க்கவில்லை மச்சான், முடித்துவிட்டேன்” என்றார். எத்தனை பேர் அதைக் கவனிப்புப் பட்டியலில், அதாவது பின்னால் பார்க்கலாம் என்று குறித்து, வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். பதினொரு பேர். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பதினொரு பேரும் ஏன் பேசாமல் இருந்தார்கள்? ஈபே போன்ற தளங்களில் ஏலம் முடியும் நேரம் முன்பே குறிக்கப்பட்டது. கடைசி நொடியில் யாராவது கேட்டாலும் அது நீளாது. ஆகவே முதல் நாளே விலை சொல்வது, நான் விரும்புகிறேன் என்று போட்டியாளருக்குத் தண்டோரா போடுவதுதான். தேர்ந்த சேகரிப்பாளர் கடைசி நிமிடம் வரை பதுங்கியிருப்பார். சிலர் அதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கிறார்கள். ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதை ஒப்பிட்டுக் காட்டினார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்தியது. அங்கே கடைசியில் யாராவது கேட்டால் முடிவு நேரம் தள்ளிப்போகும். அதனால் கடைசி நிமிட நெரிசல் ஈபேயைவிடக் குறைவாக இருந்தது.

ஏலத்தை நடுவில் முடித்தால், காத்திருந்த அத்தனை பேரையும் துரத்தியதாகிவிடும். மறுபடி போட்டால் அது புதிய எண்ணில் புதிய ஏலம். கவனிப்போர் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

ஆரம்ப விலை அதிகமோ, படம் மங்கலோ என்று தோன்றினால் ஏலத்தைக் கலைக்கத் தேவையில்லை. யாரும் கேட்காத நிலையில், 12 மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் ஈபேயில் விலையையும் விவரத்தையும் திருத்திக்கொள்ளலாம். விலை கேட்டவர் ஒருவர் வந்துவிட்டால் கதை மாறும். ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், அதிகம் கேட்டவருக்கே கொடுத்துத்தான் முடிக்க முடியும்.

இன்னொரு பொறி: “ஏலத்தை நிறுத்துங்கள், இப்போதே இவ்வளவு தருகிறேன்” என்று தனிச்செய்தி வரும். நான்கு நாள் மௌனத்துக்குப் பிறகு அது தேன் போல இனிக்கும். அவர் தருகிற விலை பெரும்பாலும் அவருக்குச் சாதகமான விலைதான். இல்லாவிட்டால் கடைசி நிமிடம் வரை அஞ்சாமல் இருந்திருப்பார். தளத்துக்கு வெளியே பணம் வாங்குவது விதிமீறலும்கூட, ஏமாந்தால் கேட்க நாதியும் இல்லை.

நேரத்தையும் கவனியுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்கு ஏலம் தொடங்குவது நம் ஆட்களின் வழக்கம். ஏழு நாள் கழித்து அதே நேரத்தில்தான் அது முடியும். அப்போது அமெரிக்காவில் காலை, வாங்குபவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டோ வேலையிலோ இருப்பார். திங்கள் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் அங்கே ஞாயிறு மாலையோ இரவோ முடியும், ஆள் வீட்டில் இருப்பார். ஐரோப்பாவில் அது நள்ளிரவைத் தாண்டிய நேரம். யாருக்கு விற்கிறோம் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான்.

பொருள் உடைந்துவிட்டது, தொலைந்துவிட்டது, விவரத்தைத் தவறாக எழுதிவிட்டோம் என்றால் முடித்துத்தான் ஆக வேண்டும். எங்கள் கடற்கரைக்கே உரிய காரணமும் உண்டு. மன்னார் வளைகுடாவில் கரை ஒதுங்கும் பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை விற்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாட்டன் பெட்டியில் கிடந்த சேதுபதி காசு நூறு வருடத்துக்கு மேற்பட்டதென்றால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இப்படி ஒன்றைத் தெரியாமல் போட்டிருந்தால் பத்துப் பேர் விலை கேட்டிருந்தாலும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.