முன்கால் மடங்கினால் வேகம் போய்விடும்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்ட மைதானங்களில் கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து போடும் தம்பிமாருக்கு ஒரு விஷயம். கையை மட்டும் பலமாகச் சுழற்றி வேகம் எடுக்கப் பார்க்காதீர்கள். ஓடி வரும் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது முன்கால்தான், அதாவது பந்தை விடும்போது முன்னால் ஊன்றும் கால். முழங்கால் மடங்காமல் விறைப்பாக நின்றால் மேல் உடம்பு அதைத் தாண்டி முன்னால் பாயும், அந்த வேகம்தான் தோள் வழியாகப் பந்துக்குப் போகும். மடங்கினால் அங்கேயே கரைந்துவிடும்.

பக்கவாட்டில் நின்று போனில் ஸ்லோ மோஷன் எடுக்கச் சொல்லுங்கள். குதிகால் தரையில் பட்டதிலிருந்து பந்து கையை விடும் வரை முழங்காலை மட்டும் பாருங்கள்.

அப்புறம், இடுப்பு ஒரு பக்கம், தோள் இன்னொரு பக்கம் பார்த்தால் உடனே திருத்துங்கள், கீழ்முதுகு எலும்பில் வெடிப்பு வரும் அபாயம் அதில் அதிகம். முன்காலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை இறங்குவதால், பனியில் புல் வழுக்கும் காலை நேரத்தில் முழு வேகத்தில் போடவே வேண்டாம்.