டெல்லிக் குளிரில் குட்டிப் பிள்ளைகளோடு மூன்று நாள்

தேதிதான் முதல் வேலை. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை மூடுபனியில் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். நவம்பரில் காற்று மோசம். பிப்ரவரி நடுப்பகுதிதான் நம் பிள்ளைகளுக்குத் தோது.

ஒரே தடித்த ஜாக்கெட் வாங்கிப் போட்டால் போதும் என்று நினைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலையில் நடுங்கும் பிள்ளை, பதினொரு மணி வெயிலில் ஓடி வியர்க்கும். அந்த ஈரம் மாலையில் குளிர்ந்து மறுபடி நடுங்க வைக்கும். உள்ளே தெர்மல் எனும் கதகதப்பான உள்ளாடை, மேலே முழுக்கை பனியன், ஸ்வெட்டர், கடைசியில் ஜாக்கெட் என்று அடுக்குங்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். குரங்குக் குல்லா கட்டாயம். சாக்ஸ் நாளுக்கு இரண்டு ஜோடி. தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு முன் கிளம்பாதீர்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்தில் குட்டி ரயில் உண்டு, திங்கள் விடுமுறை. உயிரியல் பூங்காவுக்கு வெள்ளி விடுமுறை. லோதி தோட்டத்தில் புல்வெளியில் ஓடவிட்டாலே பாதி நாள் போய்விடும். தயிர்சாதத்துக்கு ஏங்கினால் கரோல்பாக்கில் நம்மூர் மெஸ் கிடைக்கும், ஆர்.கே.புரம் மலை மந்திரில் முருகனையும் பார்த்துவிடலாம், ஆனால் படியில் வெறுங்கால் சில்லிடும், சாக்ஸைக் கழற்றாதீர்கள்.

அறையில் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்: மூடிய அறையில் அதன் நச்சுவாயு உயிரைக் குடிக்கும்.