யாரோ, யாராவது, யாரும்: ஆங்கிலத்தின் ‘சம்படி’ குடும்பத்தைப் பிழையின்றிக் கையாள

மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருவர், தம் அலுவலகத்துக்காக எழுதிய அறிக்கையைத் திருத்தித் தரும்படி ஒருநாள் கொண்டுவந்தார். அதன் இரண்டாம் வரி, “எனிபடி டிட் நாட் சைன் த ரிஜிஸ்டர்” என்று இருந்தது. பதிவேட்டில் யாரும் கையெழுத்திடவில்லை என்பதே அவர் சொல்ல வந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அப்படி ஒரு வாக்கியம் அமையாது. இது கவனக்குறைவால் நேர்ந்த பிழையன்று. தமிழில் ஒழுங்காகச் சிந்தித்து, அந்த ஒழுங்கை அப்படியே ஆங்கிலத்தில் வைத்ததால் நேர்ந்தது. எனவே தமிழ் இதை எப்படிச் செய்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதே நேர்வழி என்று கருதுகிறேன்.

இன்னார், இன்னது என்று குறிப்பிடாமல் பொதுவாக நிற்கும் பிரதிப்பெயர்களை ஆங்கில இலக்கணத்தில் ‘இண்டெஃபினிட் ப்ரோநவுன்’ என்பார்கள். தமிழில் வினாச்சொல்லோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் இவை கிடைத்துவிடும்: யாரோ, யாராவது, யாரும், ஏதோ, ஏதாவது, எதுவும். ஆங்கிலத்தில் ‘சம்’, ‘எனி’, ‘நோ’, ‘எவ்ரி’ ஆகிய நான்கோடு ‘படி’, ‘வன்’, ‘திங்’ ஆகிய மூன்றும் சேர்ந்து 12 சொற்கள் உண்டாகின்றன. ‘சம்படி’, ‘சம்வன்’ இரண்டுக்கும் பொருள் வேறுபாடு இல்லை. எழுத்து நடையில் ‘வன்’ சற்றுக் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

யாரோ என்று தமிழில் வந்தால் ஆங்கிலத்தில் ‘சம்படி’ என்று எழுதிவிடலாம். “யாரோ கதவைத் தட்டுகிறார்கள்” என்பது “சம்படி இஸ் நாக்கிங் அட் த டோர்” ஆகும். ஆள் இருக்கிறார், யாரென்றுதான் தெரியவில்லை. யாராவது என்ற சொல்லுக்கு வாக்கியத்தின் வகையைப் பார்க்க வேண்டும். “யாராவது போன் செய்தார்களா?” என்பது கேள்வியாதலால் “டிட் எனிபடி கால்?” என்போம், “யாராவது கேட்டால்” என்ற நிபந்தனைக்கு “இஃப் எனிபடி ஆஸ்க்ஸ்” பொருந்தும். வேண்டுகோளாக, “யாராவது உதவி செய்யுங்கள்” என்னும்போது “சம்படி ஹெல்ப், ப்ளீஸ்” என்று மாறிவிடும். வீட்டுக்கு வந்தவரிடம், “குடிக்க ஏதாவது தரட்டுமா?” என்று கேட்பது வடிவத்தில் கேள்விதான், ஆனால் அவர் சரி என்று சொல்ல வேண்டும் என்ற விருப்பத்தோடு கேட்பதால், அங்கே ‘எனிதிங்’ என்பதைவிட ‘சம்திங்’ என்பதே உபசரிப்பாக ஒலிக்கும்: “உட் யூ லைக் சம்திங் டு டிரிங்க்?”

தொல்லை தருவது யாரும் என்ற சொல்தான். “இந்தக் கூட்டத்துக்கு யாரும் வரலாம்”, “இந்தக் கூட்டத்துக்கு யாரும் வரவில்லை” என்ற இரு வாக்கியங்களிலும் அதே சொல்தான் இருக்கிறது. முதலாவதில் அது ‘எனிபடி’, இரண்டாவதில் ‘நோபடி’. தமிழில் மறுப்பு வினையோடு சேர்ந்து கடைசியில் வருவதால், வாக்கியத்தைத் தொடங்கும்போது நாம் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுவாய் இப்படிப்பட்ட சொல்லாக இருந்தால், மறுப்பை முதற்சொல்லிலேயே சொல்லிவிட வேண்டும். ‘எனி’ வகைச் சொற்கள் மறுப்புக்குப் பின்னால் வரலாமே தவிர, மறுப்புக்கு முன்னால் எழுவாயாக நிற்கமாட்டா.

ஆகவே எழுதும் முன் மனத்தில் உள்ள தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். அங்கே இல்லை, மாட்டார்கள், கூடாது, முடியாது என்று ஏதேனும் இருந்து, எழுவாய் யாரும் என்றோ எதுவும் என்றோ இருந்தால், ஆங்கில வாக்கியத்தை ‘நோபடி’ அல்லது ‘நத்திங்’ கொண்டு தொடங்கி, வினையில் ‘நாட்’ சேர்க்காமல் விடுங்கள். மாணவியின் வரி, “நோபடி சைன்ட் த ரிஜிஸ்டர்” என்று திருந்தியது இப்படித்தான். யாரையும் என்று செயப்படுபொருளாக வந்தால் இரு வழிகள் உண்டு: “ஐ டிட் நாட் சீ எனிபடி” என்றும் சொல்லலாம், “ஐ சா நோபடி” என்றும் சொல்லலாம். இரண்டையும் கலந்து “ஐ டிட் நாட் சீ நோபடி” என்று எழுதினால் இரட்டை மறுப்பாகிவிடும்; சில வட்டாரப் பேச்சுகளில் அது வழங்கினாலும், எழுத்தில் பிழையாகவே கொள்ளப்படும்.

அடுத்தது ஒருமை, பன்மை. எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்று பன்மையில் சொல்லிப் பழகிய நமக்கு “எவ்ரிபடி ஹேவ் கம்” என்று எழுதத் தோன்றும். “எவ்ரிபடி ஹேஸ் கம்” என்பதே சரி. ‘படி’, ‘வன்’, ‘திங்’ என முடியும் 12 சொற்களும் ஒருமை வினையையே கொள்ளும். ‘எவ்ரிபடி’ என்பதை எல்லாரும் என்று பாடம் செய்யாமல், ஒவ்வொருவரும் என்று மனத்தில் கொண்டால் ஒருமை தானாக வரும். ‘ஈச்’ என்பதும் ஒருமைதான், இடையில் ஒரு பன்மைச்சொல் வந்து நம்மை ஏமாற்றப் பார்க்கும், விட்டுக்கொடுக்கக் கூடாது: “ஈச் ஆஃப் த பாய்ஸ் ஹேஸ் எ புக்.” ‘வன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று பலர் எழுதுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது, என் நண்பர்களில் ஒருவர் என்று தமிழும் பன்மையில்தானே சொல்கிறது? “வன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ நர்ஸ்” என்று பெயரைப் பன்மையிலும் வினையை ஒருமையிலும் வைக்க வேண்டும். ‘போத்’, ‘மெனி’, ‘செவரல்’, ‘ஃப்யூ’ ஆகியவை எப்போதும் பன்மை. ‘ஆல்’, ‘சம்’, ‘மோஸ்ட்’ ஆகியவை பின்வரும் பெயரைப் பொறுத்தவை: சோறு முழுவதும் என்றால் “ஆல் ஆஃப் த ரைஸ் இஸ்”, தட்டுகள் எல்லாம் என்றால் “ஆல் ஆஃப் த பிளேட்ஸ் ஆர்”.

எல்லாரும் தத்தம் சாப்பாட்டைக் கொண்டுவந்தார்கள் என்பதை எப்படி எழுதுவது? பழைய பாடநூல்கள் ‘எவ்ரிபடி’ என்பதற்கு ‘ஹிஸ்’ என்ற ஆண்பாற்சொல்லையே விதித்தன. ஆண்பாற்சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என்பது 1897-ஆம் ஆண்டின் இந்தியப் பொது விதிகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே உள்ளது. ஆனால் இத்தகைய இடங்களில் ‘தே’, ‘தேர்’ என்ற சொற்கள் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் வழங்கிவருகின்றன. இன்று பெரும்பாலானவர்கள் எழுதுவதும் அதுவே. “எவ்ரிபடி ப்ராட் தேர் லஞ்ச்” என்று தயங்காமல் எழுதுங்கள். வினை ஒருமையில் இருக்க, பின்வரும் சுட்டு மட்டும் ‘தேர்’ ஆவது முரணாகத் தோன்றலாம். நம் மொழியில் ஒரே ஆளை ‘அவர்’ என்று பலர்பால் வடிவத்தால் சுட்டுவது நமக்கு முரணாகத் தோன்றுவதில்லையே.

‘எ ஃப்யூ’, ‘ஃப்யூ’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க ஆங்கில இலக்கண நூல்கள் பக்கக்கணக்கில் விளக்குகின்றன. தமிழருக்கு ஓர் ஏகாரம் போதும். சிலர் வந்தார்கள் என்றால் “எ ஃப்யூ கேம்”. சிலரே வந்தார்கள் என்றால் “ஃப்யூ கேம்”. முன்னதில் வந்தவர்களை எண்ணுகிறோம், பின்னதில் வராதவர்களை நினைத்துக் குறைப்படுகிறோம். “எ ஃப்யூ பீப்பிள் ஹெல்ப்ட் மீ” என்று எழுத வேண்டிய நன்றிக் கடிதத்தில் அந்த ‘எ’ விடுபட்டால், உதவியவர்களிடமே ஆள் போதவில்லை என்று குறை சொன்னதாகிவிடும். சிறிது, சிறிதே என்ற வேறுபாட்டை ‘எ லிட்டில்’, ‘லிட்டில்’ என்பவற்றுக்கும் இதே போலப் பொருத்திக்கொள்ளலாம்.

அடைமொழி இச்சொற்களுக்குப் பின்னால்தான் வரும்: ‘நியூ சம்திங்’ அன்று, ‘சம்திங் நியூ’. வேறொருவருடைய குடை என்னும்போது உடைமைக்குறி ‘எல்ஸ்’ என்பதன் மேல் விழும்: ‘சம்படி எல்ஸஸ் அம்ப்ரெல்லா’. ‘நோ வன்’ என்பதை எப்போதும் இரண்டு சொல்லாகவே எழுத வேண்டும். ‘எவ்ரிவன்’ பொதுவாக ஒரே சொல். ஆனால் அதை அடுத்து ‘ஆஃப்’ வந்தால் ‘எவ்ரி வன் ஆஃப் தெம்’ என்று பிரிக்க வேண்டும். ஐயம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘எவ்’ என்பதில் மட்டும் அழுத்தம் விழுந்தால் சேர்த்து எழுதலாம், ‘வன்’ என்பதையும் அழுத்திச் சொல்ல நேர்ந்தால் பிரித்து எழுத வேண்டும்.