புதுப் பையனை எப்போது ஓப்பனிங் இறக்குவது?

லீக் சீசன் வந்துவிட்டால் எல்லா கிரிக்கெட் கிளப்பிலும் இந்தப் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். நெட்ஸில் பதினாறு வயதுப் பையன் ஒருத்தன் கவர் டிரைவாகப் போட்டுத் தள்ளுகிறான். ஓப்பனிங் ஆடும் சீனியருக்கோ கால் நகர மறுக்கிறது. "பையனை இறக்கு" என்று பாதிப் பேர், "பாவம், இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்று மீதிப் பேர். சென்னையில் கீழ் டிவிஷன் அணி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவன் நான். நான் முடிவெடுக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் பையனைப் பார்க்காதீர்கள். எதிர்முனையில் யார் நிற்கப் போகிறார், மூன்றாவதாக யார் வருவார் என்று பாருங்கள்.

ஹூஸ்டனில் இருக்கும் என் மச்சான் அமெரிக்க ஃபுட்பால் பைத்தியம். அங்கே குவார்ட்டர்பேக் என்று ஒரு ஆள் உண்டு. பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று தீர்மானிக்க வேண்டியவன் அவன்தான். தாமதித்தால் எதிரணி ஆள் வந்து தரையில் சாய்த்துவிடுவான். 2002-இல் ஹூஸ்டனுக்குப் புதிதாக அணி வந்தபோது டேவிட் கார் என்ற இளைஞரை முதல் ஆட்டத்திலிருந்தே இறக்கினார்கள். அவருக்கு முன்னால் நின்று தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை. அந்த ஒரே சீசனில் 76 தடவை சாய்த்தார்கள். ஆனால் 1998-இல் வேறொரு அணியில் பெய்டன் மேனிங் என்ற இளைஞரையும் முதல் ஆட்டத்திலிருந்தே இறக்கினார்கள். அவர் எறிந்ததில் 28 பந்துகள் எதிரணி கைக்குப் போயின, அணி 16-இல் 13 ஆட்டம் தோற்றது. இருந்தும் அவரைச் சாய்த்தது 22 தடவைதான். தப்பெல்லாம் அவருடைய தப்பு, அதனால் அவரால் திருத்திக்கொள்ள முடிந்தது. அடுத்த வருஷமே அணி 13 ஆட்டம் ஜெயித்தது.

நம்ம ஊர்க் கணக்கும் இதேதான். ருதுராஜ் கெய்க்வாட்டை 2019 முழுக்க சிஎஸ்கே உட்கார வைத்திருந்தது. 2020-இல் முதல் மூன்று இன்னிங்ஸ் 0, 5, 0. சேப்பாக்கம் ரசிகர்கள் என்னவெல்லாம் பேசினார்கள் என்று ஞாபகம் இருக்கும். அதற்கடுத்து வரிசையாக மூன்று அரைசதம். 2021-இல் 635 ரன் எடுத்து, சீசனில் அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி. எல்லோரும் அந்த 635-ஐத்தான் சொல்வார்கள். கூட ஓப்பனிங் ஆடிய டுபிளெசிஸ் அந்த சீசனில் 633. நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

ஆகவே மறுமுனையில் நிதானமான ஒரு ஆள், மூன்றாவதாக இன்னொருத்தர் இருந்தால் பையனைப் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் ஆறாவது இடம்தான்.

இனி பையன். நெட்ஸில் அவன் அடிக்கிற ஷாட்டை நான் எண்ணுவதே இல்லை. காலை ஏழு மணிக்கு, பந்து கொஞ்சம் அசையும்போது, நம்மிடம் இருக்கும் வேகமான இரண்டு பேர் கையில் புதுப் பந்தைக் கொடுத்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியிலேயே போடச் சொல்வேன். எத்தனை பந்தை அடிக்காமல் விடுகிறான் என்பதுதான் கணக்கு. பந்து பேட்டில் படாமல் பீட் ஆனதும் என்ன செய்கிறான் என்றும் பார்க்க வேண்டும். தலையைக் குனிந்து, ஸ்டம்புக்கு முன்னால் நிற்கும் இடத்தைக் குறித்து கார்டை மறுபடி எடுத்துக்கொண்டு நின்றால் சரி. அடுத்த பந்தை ஏறி வந்து விளாசினால் இன்னும் நாளாகும். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கும் அப்பா பக்கம் திரும்பிப் பார்க்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் ரொம்ப நாளாகும்.

காத்திருக்க வைப்பது என்று முடிவானால் அதற்கும் வேலை இருக்கிறது. தண்ணீர் பாட்டில் தூக்கினால் யாரும் பேட்ஸ்மேன் ஆகிவிட மாட்டார்கள். மச்சானின் ஃபுட்பாலில் பேட்ரிக் மஹோம்ஸ் என்ற குவார்ட்டர்பேக் 2017-இல் அலெக்ஸ் ஸ்மித் என்ற சீனியருக்குப் பின்னால் ஒரு வருஷம் உட்கார்ந்தார், கடைசி லீக் ஆட்டத்தில் மட்டும் இறங்கினார். அடுத்த வருஷம் 50 டச்டவுன் பாஸ், அதாவது புள்ளி வாங்கித் தந்த எறிதல்கள், கூடவே சிறந்த வீரர் விருது. உட்கார்ந்த வருஷத்திலும் ஒவ்வொரு வாரமும் எதிரணியைப் படிக்கிற வேலை அவருக்கு இருந்தது. நான் பையனை ஸ்கோரர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார வைப்பேன். எந்த பவுலர் எத்தனையாவது ஓவரில் பவுன்சர் போடுகிறான், எவனுக்கு மூன்றாவது ஓவரில் மூச்சு வாங்குகிறது என்று எழுத வேண்டும். டிரிங்க்ஸ் இடைவேளையில் அதை சீனியர் ஓப்பனரிடம் அவனே சொல்ல வேண்டும். சில சீனியர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

அணி ஏற்கெனவே புள்ளிப் பட்டியலின் அடியில் கிடக்கிறதா? அப்படியானால் தயங்காமல் இறக்கிவிடலாம். 2025-இல் ருதுராஜ் காயம்பட்டு, சிஎஸ்கே தோற்றுக்கொண்டிருந்தபோது பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேவைக் கூப்பிட்டார்கள். வான்கடேவில் முதல் ஆட்டத்திலேயே 15 பந்தில் 32. சிஎஸ்கே கடைசி இடத்தில்தான் முடித்தது, ஆனால் ஒரு ஓப்பனர் கிடைத்தான்.

இன்னொரு விஷயம், வெயில். ஏப்ரல், மே மாதத்தில் நாம் முதலில் ஃபீல்டிங் என்றால் அன்றைக்கு அவனை ஓப்பனிங் அனுப்பாதீர்கள். 50 ஓவர் வெயிலில் ஓடிவிட்டு பேடு கட்டும்போதே தொடை பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு நாள் நான்காவதாக வரட்டும்.

இறக்குவது என்று முடிவானால் எத்தனை மேட்ச் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் நான்கு கொடுப்பேன். மூன்று டக் அடித்தாலும் நான்காவது உண்டு. இரண்டோடு தூக்கிவிட்டால் பையன் அடுத்த முறை ரன்னுக்கு ஆட மாட்டான், இடத்துக்குத்தான் ஆடுவான்.

நான்கும் சரியாகப் போகவில்லையென்றால் நெட்ஸ் முடிந்து கிட் பேக் கட்டும் நேரத்தில் முதலில் பையனிடம் தனியாகப் பேசுங்கள். எந்தப் பந்தில் அவுட் ஆகிறான், அதற்கு என்ன பயிற்சி, எந்த மேட்சில் திரும்பப் பார்ப்போம் என்று மூன்றையும் சொல்லுங்கள். அப்புறம் அப்பா. "ஏன் சார் உட்கார வைச்சீங்க" என்று அவர் கேட்பார், கேட்கட்டும். இரண்டு பேச்சும் வாட்ஸ்அப் குரூப்பில் லெவன் வருவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.