டர்போ காரில் எரிபொருள் கலவை: சென்சாரை எங்கே பொருத்துவது, பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது

டர்போ பெட்ரோல் இன்ஜினில் பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) ஏறும் நேரத்தில் கலவை லீன் ஆனால், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைந்தால், நாக்கிங் வரும்: கலவை கட்டுப்பாடின்றி வெடித்து இன்ஜின் தட்டும். அப்படியே ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தால் பிஸ்டன் உருகச் சில விநாடிகள் போதும். ஆகவே எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் மீட்டரில் காட்டும் எண்ணை நம்பி டியூனிங்கில் கை வைக்குமுன், அந்த எண் உண்மையானதா என்று பாருங்கள். சென்சார் தப்பான இடத்தில் இருந்தால் நல்ல இன்ஜினும் கெட்டதாகத் தெரியும். கெட்டதும் நல்லதாகத் தெரியும்.

காரோடு வரும் பழைய வகை நேரோபேண்ட் சென்சார் இந்த வேலைக்கு உதவாது. லாம்ப்டா என்பது பெட்ரோல் முழுதும் எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டால் உண்மையில் உள்ள காற்றின் அளவு; 1.00-க்கு மேல் லீன், கீழே ரிச் (பெட்ரோல் அதிகம்). லாம்ப்டா 1.00-க்கு இரு பக்கமும் 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்குத் தாவுவதுதான் அதன் வேலை. முழு பூஸ்ட்டில் பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கு வேண்டியது லாம்ப்டா 0.78 முதல் 0.82 வரை, அதாவது 11.5 முதல் 12 வரையிலான காற்று-பெட்ரோல் விகிதம். அந்த இடத்தில் நேரோபேண்ட் 0.9 வோல்ட் அருகிலேயே நின்றுவிடும், 0.78-க்கும் 0.88-க்கும் உள்ள வித்தியாசத்தை அதில் நம்பிப் படிக்க முடியாது. லாம்ப்டாவைப் பரந்த எல்லையில் அளக்கும் போஷ் எல்எஸ்யூ 4.9 போன்ற வைட்பேண்ட் சென்சாரும் அதற்கான கன்ட்ரோலரும் வேண்டும். மீட்டரை லாம்ப்டாவில் வைத்துக்கொள்வது நல்லது. சுத்தமான பெட்ரோலில் லாம்ப்டா 1.00 என்பது 14.7 விகிதம்; எத்தனால் கலந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் மாறிவிடும், லாம்ப்டா 1.00 எந்த எரிபொருளிலும் 1.00 தான்.

பொருத்தும் இடம்

டர்பைனுக்கு (புகை சுழற்றும் டர்போ சக்கரத்துக்கு) முன்னால், சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மேனிஃபோல்டில் வைக்காதீர்கள். வெப்பம் ஒரு காரணம்: எல்எஸ்யூ 4.9-க்குப் புகையின் வெப்பம் 930 டிகிரி செல்சியஸ், சென்சாரின் அறுகோண உடல் 600 டிகிரி என்பதே எல்லை. அதைவிட மோசமானது அழுத்தம். டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தம் பல சமயம் பூஸ்ட்டையே தாண்டும். வைட்பேண்ட் அளப்பது பம்பிங் மின்னோட்டத்தை, அதாவது சென்சாருக்குள் ஆக்ஸிஜனை நகர்த்தத் தேவைப்படும் மின்னோட்டத்தை. அழுத்தம் கூடினால் அந்த மின்னோட்டமும் கூடும். லாம்ப்டா 1.00-ல் பிழை தெரியாது, ஆனால் அங்கிருந்து விலக விலகப் பிழை பெரிதாகும். உண்மையில் 0.82-ல் ஓடும் இன்ஜின், அதைவிட ரிச்சாக மீட்டரில் தெரியும். அதை நம்பி பெட்ரோலைக் குறைத்தால் இன்ஜின் நிஜமாகவே லீன் ஆகும். இதைவிட ஆபத்தான தவறு இந்த வேலையில் இல்லை.

சரியான இடம் டவுன்பைப், அதாவது டர்போவிலிருந்து புகையைக் கொண்டுபோகும் குழாய்: டர்போவின் வெளிவாயிலிலிருந்து 60 முதல் 90 செ.மீ. தள்ளி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால். கன்வெர்ட்டர் டர்போவை ஒட்டியே இருந்தால், இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடத்தில் டர்போவிலிருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள். வெப்பம் மிஞ்சினால் வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றும் துடுப்புள்ள செம்பு அடாப்டர் உதவும். கன்வெர்ட்டர் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்து விடுவிப்பதால் அதற்குப் பின்னால் வரும் ரீடிங் மந்தமாகும். வெளி வேஸ்ட்கேட்டின் (டர்பைனைச் சுற்றிப் புகையைத் திருப்பிவிடும் வால்வின்) குழாய் டவுன்பைப்பில் வந்து சேர்ந்தால், சென்சார் அந்தச் சேர்க்கைக்குப் பின்னால் இருக்க வேண்டும். சைலன்சர் முனைக்குப் பக்கத்திலும் கூடாது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) வெளிக்காற்று திரும்ப உள்ளே வந்து பொய்யான லீன் காட்டும்.

குழாயின் குறுக்குவெட்டைக் கடிகாரமாக நினைத்தால், சென்சார் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றாலும் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேலே சாய்ந்திருக்கட்டும். குழாயில் தேங்கும் நீர் சூடான செராமிக்கில் பட்டால் அது விரிசல் விடும். சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு மின்சாரம் இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகே போக வேண்டும் என்பதும் இதனால்தான். அதேபோல, கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு சென்சாரை மட்டும் குழாயில் விட்டு ஓட்டாதீர்கள்; சூடாகாத சென்சாரில் கரி படிந்து அடைத்துவிடும்.

வெல்டிங் நட்டின் மரை எம்18 × 1.5. வெல்டிங் செய்யும்போது சென்சார் அதில் இருக்கக் கூடாது. நட் உயரமாக இருந்தால் சென்சார் முனை குழிக்குள் ஒளிந்துகொள்ளும். துளைகள் புகை ஓட்டத்துக்குள் நீட்டியிருக்கிறதா பாருங்கள். முறுக்கு விசை 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். ஆன்டி-சீஸ் பசை (மரை இறுகிப் பிடித்துவிடாமல் தடுப்பது) மரைக்கு மட்டும். இன்ஜினில் சாதாரண சிலிக்கான் சீலண்ட் பயன்படுத்தினால் அதன் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும். கூலன்ட் கசிவும் அப்படியே. ஒயர் நீளம் போதவில்லை என்று கனெக்டரை வெட்டாதீர்கள். எல்எஸ்யூ 4.9-ன் கேலிப்ரேஷன் ரெசிஸ்டர் அதற்குள்தான் இருக்கிறது.

நம்புவதற்கு முன் நான்கு சோதனைகள்

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எக்ஸாஸ்டில் கசிவு பாருங்கள். சென்சாருக்கு முன்னால் சின்ன விரிசல் இருந்தாலும், புகைத் துடிப்புகளுக்கு இடையில் காற்று உள்ளே இழுக்கப்பட்டு ஐடிலில் லீன் காட்டும். பூஸ்ட்டில் அந்தப் பிழை சுருங்கும்.

அடுத்து, காரை கியரில் வைத்து 3000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விடுங்கள். ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) பெட்ரோலை நிறுத்தும். மீட்டர் லீன் எல்லைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் சென்சார் பழுதாகியிருக்கிறது, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது. பிறகு சமவேகத்தில் ஓட்டினால் லாம்ப்டா 1.00-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

கடைசியாக கிரவுண்ட். கன்ட்ரோலரின் அனலாக் வெளியீட்டில் 1 வோல்ட் என்பது 2 விகிதப் புள்ளி என்றால், கிரவுண்டில் 0.1 வோல்ட் வித்தியாசமே 0.2 புள்ளி பிழை தரும். மீட்டர் முகப்பும் ஈசியூவில் பதிவாகும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் கிரவுண்டைச் சந்தேகியுங்கள்.

பழுதைப் படிப்பது

ட்ரிம் என்பது சென்சாரைப் பார்த்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம். ஸ்கேனரில் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ட்ரிம் இரண்டையும் கூட்டுங்கள். பிளஸ் அல்லது மைனஸ் 5 சதவீதம் சாதாரணம். 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும். முழு பூஸ்ட்டில் பல கார்கள் ட்ரிம்மை விட்டுவிட்டு ஈசியூவில் முன்பே பதிந்த டேபிள்படி ஓடுவதால், அங்கே வைட்பேண்ட் மட்டுமே சாட்சி.

உள்ளே வரும் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள டர்போ காரில் ஒரு வினோதம் உண்டு. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஓட்டை விழுந்தால் பூஸ்ட்டில் ரிச் ஆகும். அளக்கப்பட்ட காற்று வெளியே போய்விடுகிறது, பெட்ரோல் மட்டும் வருகிறது. அதே ஓட்டை த்ராட்டிலுக்குப் பின்னால் இருந்தால் ஐடிலில் வெற்றிடம் அளக்கப்படாத காற்றை இழுத்து லீன் ஆக்கும். ஐடிலில் ட்ரிம் பிளஸ், பூஸ்ட்டில் லாம்ப்டா 0.70 பக்கம், கரும்புகை என்றால் டியூனிங்கைத் தொடாமல் காற்றுப்பாதையை 1 பார் அழுத்தத்தில் சோப்பு நீரோடு சோதியுங்கள். மேப் சென்சாரை (இன்ஜினின் உள்வாங்கும் குழாயில் அழுத்தத்தை அளப்பது) மட்டும் வைத்துக் கணக்கிடும் காரில் இந்த ஓட்டை கலவையைப் பெரிதாக மாற்றாது. பூஸ்ட் குறையும், டர்போ அதிகமாக உழைக்கும், அவ்வளவே.

லோடு ஏற ஏற லீன் ஆனால் எரிபொருள் அழுத்தத்தைப் பாருங்கள். பூஸ்ட்டுக்கேற்ப பெட்ரோல் அழுத்தத்தை மாற்றும் வேக்குவம் ரெகுலேட்டர் உள்ள காரில் அடிப்படை அழுத்தம் 3 பார் என்றால், 1 பார் பூஸ்ட்டில் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) 4 பார் இருக்க வேண்டும். ரெகுலேட்டரின் குழாய் கழன்றால் அது 3 பாரிலேயே நிற்கும். இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் வித்தியாசம் 2 பார். பெட்ரோல் சுமார் 18 சதவீதம் குறையும். 0.80 என்றிருந்த லாம்ப்டா 0.98-ஐ நெருங்கும். குழாய் சரியாக இருந்தும் அழுத்தம் பூஸ்ட்டோடு ஏறவில்லை என்றால் பம்ப், ஃபில்டர், பம்ப்புக்குப் போகும் வோல்டேஜ் என்ற வரிசையில் பாருங்கள். அழுத்தம் சரி, ஆனாலும் லீன் என்றால் இன்ஜெக்டர் டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பதிவில் தேடுங்கள். தாண்டினால் இன்ஜெக்டர் சிறியது.

பூஸ்ட்டில் திடீரென்று லீன் பக்கம் குத்தி உடனே திரும்பினால் அது பெரும்பாலும் கலவைப் பிழை அல்ல, மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் கலவை எரியாமல் போவது. எரியாத ஆக்ஸிஜனைத்தான் சென்சார் எண்ணுகிறது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள். அங்கே பெட்ரோலைக் கூட்டினால் மிஸ்ஃபயர் இன்னும் கூடும்.

சென்சார் எல்லா சிலிண்டர்களின் சராசரியையே சொல்கிறது என்பதையும் மறக்காதீர்கள். நான்கில் ஒரு இன்ஜெக்டர் பாதி அடைத்து அந்த சிலிண்டர் லீனாக ஓடினாலும், ட்ரிம் மற்ற மூன்றுக்கும் பெட்ரோலைக் கூட்டி மீட்டரில் 1.00-ஐக் காட்டிவிடும். பூஸ்ட்டைக் கூட்டுவதற்கு முன் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் இன்ஜெக்டர்களை ஃப்ளோ பெஞ்சில் (பாயும் அளவைச் சோதிக்கும் கருவியில்) ஏற்றி, நான்கின் அளவும் ஒத்துப்போன பிறகே மேலே போகலாம்.