மலைக்கு அடியில் எண்ணெய்: ஈர்ப்பளவைத் திருத்தும் முறை

பதுளையில் என்னிடம் பயில வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது: ஈர்ப்பை அளக்கும் இடத்தின் உயரத்தைச் சரியாக எடுங்கள். ஒரு மீட்டர் பிசகினாலே திருத்திய ஈர்ப்பளவு ஏறத்தாழ 0.2 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) பிசகிவிடும். அப்புறம், சுற்றியுள்ள மேடுபள்ளத்துக்கான நிலவடிவத் திருத்தம். ஹப்புத்தளைச் சரிவில் ஈர்ப்புமானியை வைத்தால், மேலே நிற்கும் மலை, கீழே இறங்கும் பள்ளம் இரண்டுமே அளவைக் குறைத்துத்தான் காட்டும். ஆகவே திருத்தத்தை எப்போதும் கூட்ட வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. பாறை அடர்த்திக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.67 கிராம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். எந்த அடர்த்தியில் திருத்திய ஈர்ப்பளவின் வரைகோடு மேடுபள்ளத்தோடு சேர்ந்து ஏறி இறங்காமல் இருக்கிறதோ, அதை எடுங்கள்.

நம் மலைகள் பழைய உருமாறிய பாறை, எண்ணெய் கிடையாது. ஆனாலும் பயிற்சிக்கு அருமையான இடம். பாறை அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று தள்ளி ஏறிய மலைகளில், கனத்த பாறைக்கு அடியில் மறைந்த, எண்ணெய் இருக்கக்கூடிய இலேசான படிவுப்பாறை ஈர்ப்புக் குறைவாகத் தெரியும். நில அதிர்வு அளவீட்டோடு ஒப்பிட்ட பிறகே துளையிடும் இடத்தைக் குறியுங்கள்.